வண்டி நிற்பது ஓரிடம், பழுது வேறிடம்

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, நெல்லைப் பக்கத்து நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். கையில் ஒரு கோப்பு. அவருடைய மகனுக்கு 24 வயது. எட்டாண்டுகளாக வலிப்பு நோய். இரண்டு வகை மாத்திரைகளை முறையாகச் சாப்பிட்டும் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வந்துவிடுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று. குறை ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கை.

"அண்ணாச்சி, பையனோட மூளை மாதிரியே கம்ப்யூட்டர்ல இன்னொரு மூளையச் செஞ்சு, எங்க கோளாறுன்னு கண்டுபிடிச்சிருவாங்களாமே, நெசந்தானா?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். சிவில் டிப்ளமா படித்துவிட்டு, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 38 ஆண்டுகள் தண்டவாளத்தோடு நடந்தவன். என்னிடம் அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகளுக்கு இதே நோய் இருந்தது. இதே திருவனந்தபுரத்தில்தான் குணமாயிற்று. அன்று அவருக்கு ஏதோ அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பின் மனம் ஒப்பவில்லை. படித்தும், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும் நான் புரிந்துகொண்டதை அவருக்காகவும், அவரைப் போல வெளியே சொல்லத் தயங்கும் மற்ற அன்பர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

சாவிக் கொத்தும் முயலகனும்

இந்த நோய்க்குத் தமிழில் முயலகன் என்றொரு பழைய பெயர் உண்டு. நடராசப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடப்பவனும் அவனே. மலையாளத்தில் இன்றைக்கும் அபஸ்மாரம் என்கிறார்கள். அதுவும் அவன் பெயர்தான். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலக நோயைத் திருஞானசம்பந்தர் தீர்த்த வரலாற்றைப் பெரியபுராணம் சொல்கிறது. பெற்ற மகள் நினைவிழந்து கிடக்க, செய்வதறியாது நிற்கும் தகப்பன் அன்றும் இருந்தான், இன்றும் இருக்கிறான்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சிறு மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஓரிடத்து அணுக்கள் கட்டுமீறி ஒரே வேளையில் துடிக்கத் தொடங்கி, அத்துடிப்பு பக்கத்து இடங்களையும் இழுத்துக்கொண்டால் அதுவே வலிப்பு. இதில் பேயும் இல்லை, பாவமும் இல்லை.

இதையெல்லாம் இன்று எழுதுகிறேன். 1990இல் நாகர்கோவிலில் அக்கா வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் விழுந்து துடித்தபோது, ஓடிப்போய் அவள் கையில் சாவிக் கொத்தைத் திணித்தவன் நான்தான். இரும்பைப் பற்றி டிப்ளமாவில் படித்தவனுக்கு, அந்த இரும்பு வலிப்பை நிறுத்தாது என்று தெரியாமல் போயிற்று.

குழித்துறையைத் திட்டிய கதை

அவளுக்கு எல்லா முறையும் கீழே விழும் வலிப்பு வராது. "வயித்துக்குள்ளேருந்து என்னமோ மேல ஏறுது மாமா" என்பாள். பிறகு கண் நிலைத்துவிடும். வாய் எதையோ மெல்லுவதுபோல அசையும். விரல்கள் பாவாடையைப் பிசையும். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடுவாள். நடந்தது எதுவும் நினைவிராது. வயிறு என்று அவள் சொன்னதால் இரண்டு வருடம் வயிற்றுக்கே வைத்தியம் பார்த்தோம். பூச்சி மருந்து, கஷாயம், எல்லாம் ஆயிற்று.

இதை ரயில்வேக்காரன் பாணியில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நாளில் திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதை ஒற்றைப் பாதை. நாகர்கோவிலிலிருந்து வரும் வண்டி குழித்துறையில் அரை மணி நேரம் நிற்கும். பயணிகள் குழித்துறை ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுவார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? எதிரே வரவேண்டிய வண்டி கொல்லத்துக்கு அப்பால் சிக்னல் கோளாறால் நின்றிருக்கும்; அது வந்து ஒதுங்கினால்தான் இதை விடமுடியும். வண்டி நிற்பது ஓரிடம், பழுது வேறிடம்.

வலிப்பும் அப்படித்தான். வயிற்றில் ஏறும் உணர்ச்சி, மெல்லும் வாய், பிசையும் விரல் எல்லாம் குழித்துறை. பழுது காதுக்கு மேலே, பொட்டுப் பகுதிக்கு உட்புறம், ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு உறுப்பில் இருந்தது. கடற்குதிரை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு வயதில் அவளுக்குக் காய்ச்சலோடு நெடுநேரம் வலிப்பு வந்ததுண்டு. அப்படி வந்த குழந்தைகள் சிலருக்குப் பிற்காலத்தில் அந்த உறுப்பு சுருங்கித் தழும்பேறிப் போவது மருத்துவர்கள் அறிந்த செய்தி.

எழுபது பாகைக் கோணம்

பழுது அங்கே இருப்பதை எப்படிக் கண்டார்கள்? முதலில் ஓர் ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேன் குறையில்லை என்றே சொன்னது. 1996இல் அவளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்தோம்.

இங்குள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அறியாதவர் நம்மில் இருக்கமாட்டார்கள். 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அங்கே டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைத் திட்டம் 1995 மார்ச்சில் தொடங்கியது. இன்று ஆர். மாதவன் நாயர் மையம் என்னும் பெயரில் நடக்கும் அம்மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அறுவை சிகிச்சை பெற்றுள்ளனர்.

அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் எனக்கு ஒரு செய்தி விளங்கியது. தண்டவாளத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசானிக் கருவி பூட்டிய தள்ளுவண்டியைத் தண்டவாளத்தின்மேல் உருட்டிச் செல்வோம். நேர்கீழாக ஒலியைச் செலுத்தும் முனை ஒருவகை விரிசலைக் காட்டும். குறுக்காக ஓடும் விரிசல் அதற்குச் சிக்காது. அதற்கு 70 பாகைச் சாய்வில் செலுத்தும் முனை வேண்டும். கருவி அதே கருவிதான். கோணம் சரியில்லை என்றால் உடையப்போகும் தண்டவாளத்துக்கும் நற்சான்று கிடைத்துவிடும்.

மூளைப் படமும் அவ்விதமே. ஹிப்போகாம்பஸ் சாய்ந்து படுத்திருக்கும் நீண்ட உறுப்பு. அதன் நீளத்துக்குச் செங்குத்தாக, மெல்லிய துண்டுகளாகப் படம் எடுத்தால்தான் சுருக்கமும் தழும்பும் தெளிவாகத் தெரியும். தலைவலிக்காரருக்கு எடுப்பதுபோல வழக்கமான கோணத்தில் தடித்த துண்டுகளாக எடுத்தால் தப்பிவிடலாம். அவளுக்கு வலப்பக்கத்து உறுப்பு இடப்பக்கத்தைவிடச் சுருங்கியிருந்தது. வீடியோ இ.இ.ஜி. அறையில் நாலைந்து நாள் வைத்துப் பதிந்ததில், வலிப்பு அங்கிருந்தே கிளம்புவதும் உறுதியாயிற்று. 1997இல் அறுவை செய்தார்கள்.

படம் எண்ணாகும் விதம்

அன்று சுருக்கத்தைக் கண்டது மருத்துவரின் கண். இன்று அந்தக் கண்ணுக்குத் துணையாகக் கம்ப்யூட்டர் அளந்து சொல்கிறது. நண்பர் கேட்ட கேள்வியின் முதல் பாதி இதுதான்.

தலைக்குள்ளிருப்பதைக் கணக்குப் போட்டுப் படமாக்கும் வேலையைத் தொடங்கி வைத்தது சி.டி. ஸ்கேன். அதை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர், மின்பொறியியல் டிப்ளமாக்காரர். 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் முதல் நோயாளியின் மூளைப் படம் எடுக்கப்பட்டது. 1979இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டிப்ளமாக்காரனாகிய எனக்கு இதை எழுதுகையில் சற்றுப் பெருமைதான். நமக்கும் இதில் பங்குண்டு. எர்ணாகுளத்தில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் வெளியிட்ட கணித முறை, பல திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவை விரைவாக மீட்டுத் தந்தது. இருவர் பெயராலும் அது ராம்-லாக் வடிகட்டி என்றே உலகெங்கும் வழங்குகிறது.

எம்.ஆர்.ஐ. வேறு வழியில், காந்தப் புலத்தையும் வானொலி அலையையும் கொண்டு படமெடுக்கிறது. ஆனால் இரண்டிலும் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது எண்களே. மூளையை ஒரு மில்லிமீட்டர் கனச்சதுரங்களாகப் பிரித்தால், 1200 கன சென்டிமீட்டர் மூளைக்கு 12 லட்சம் கனச்சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதன் வெளிச்ச அளவு. எந்தக் கனச்சதுரம் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று எல்லை வகுப்பது முதல் வேலை. எல்லை கட்டியபின் அளவெடுக்கலாம். ஹிப்போகாம்பஸ் சுமார் 3 கன சென்டிமீட்டர். வலமும் இடமும் ஒத்திருக்கின்றனவா? மூளையின் மேற்பட்டை சராசரியாக 2.5 மில்லிமீட்டர் தடிமன். எங்காவது அளவு மீறித் தடித்திருக்கிறதா, மடிப்பு ஒழுங்கு தப்பியிருக்கிறதா? அகலப் பாதைக்கு 1676 மில்லிமீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டு, எவ்வளவு கூடினால் குறைந்தால் ஆபத்து என்று நாங்கள் பார்த்தோமே, அதே வேலை. இங்கே அந்த அளவு, நலமாயிருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் படங்களிலிருந்து கிடைக்கிறது.

குழந்தை கருவிலிருக்கையில் மேற்பட்டையின் சிறு பகுதி சரியாக அடுக்கப்படாமல் போவதும் வலிப்புக்கு ஒரு காரணம். அந்தப் பழுது சில வேளை பயறளவுதான்; பழகிய கண்ணுக்கும் தப்பும். இதைத் தேடவே மெல்ட் என்னும் பன்னாட்டுத் திட்டம் 23 மருத்துவ மையங்களிலிருந்து 1185 பேரின் படங்களைத் திரட்டிக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்தது. மருத்துவர் கண்ணுக்குத் தப்பிய பழுதுகளில் 64 விழுக்காட்டை அது பிடித்ததாக 2025இல் அறிவித்தார்கள். பழுதில்லாத இடத்தையும் சில வேளை அது சுட்டிவிடும். ஆகவே அதன் தீர்ப்பு முடிவான தீர்ப்பு அன்று; "இந்த இடத்தை இன்னொருமுறை பாருங்கள்" என்னும் குறிப்பு.

கன்ட்ரோல் அறையின் தாள்

இனி இரண்டாம் பாதி. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு மூளை என்பது என்ன?

டிவிஷன் கன்ட்ரோல் அறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செக்ஷன் கன்ட்ரோலர் முன்னால் ஒரு பெரிய தாள் இருக்கும். ஒரு பக்கம் நேரம், மறு பக்கம் ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. எனக்கு ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் பாதையை அடைத்து வேலை செய்ய வேண்டுமென்றால் அவரிடம் கேட்பேன். அவர் தாளைப் பார்த்து, இன்ன இடத்தில் அடைத்தால் எந்த வண்டி எங்கே நிற்கும், எத்தனை வண்டி தாமதமாகும் என்று சொல்லிவிடுவார். வண்டிகளை நிறுத்தாமலே, நிறுத்தினால் என்னவாகும் என்று தெரிந்துகொள்கிறோம். அந்தத் தாள்தான் மாதிரி.

பிரான்சின் மார்செய் நகரில் விக்டர் ஜிர்சா குழுவினர் இதையே மூளைக்குச் செய்திருக்கிறார்கள். நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்து மூளையை 162 பகுதிகளாக வகுக்கிறார்கள், இவை ஸ்டேஷன்கள். அடுத்து, நீர் நகரும் திசையைக் காட்டும் சிறப்பு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். நரம்பிழைகளின் நெடுக்கே நீர் எளிதாக நகரும், குறுக்கே எளிதில் நகராது. அதிலிருந்து எந்தப் பகுதிக்கும் எந்தப் பகுதிக்கும் எவ்வளவு இணைப்பு என்று கணக்கிடுகிறார்கள், இவை பாதைகள். பிறகு ஒவ்வொரு பகுதியிலும், வலிப்பு எப்படித் தொடங்கி எப்படி ஓயும் என்பதை விவரிக்கும் சமன்பாடுகளை வைத்து, அப்பகுதி எவ்வளவு எளிதில் கட்டுமீறும் என்பதற்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, நோயாளியின் தலைக்குள் மெல்லிய மின்முனைகள் வைத்துப் பதிந்த உண்மையான வலிப்போடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகும்வரை அந்த எண்களைத் திருத்துகிறார்கள். ஒத்துப்போனால், வலிப்பு கிளம்பும் இடம் எது, பரவிய இடம் எது என்று பிரித்துக் காட்டும். இன்ன பகுதியை நீக்கினால் வலிப்பு நிற்குமா என்று, கத்தி எடுக்கும் முன்பே கம்ப்யூட்டரில் நீக்கிப் பார்க்கவும் செய்யலாம்.

ஆக, நண்பர் கேள்விப்பட்டது நிஜம்தான்.

பாலத்தின்மேல் வண்டி ஓட்டிப் பார்

ஆனால் கணக்கை நம்பி மட்டும் எந்தப் பொறியாளனும் பாலத்தைத் திறந்துவிடமாட்டான். கனமான எஞ்சினை மேலே நிறுத்தி, கணக்கில் வந்த தாழ்வும் அளந்த தாழ்வும் ஒன்றுதானா என்று பார்ப்பான். மருத்துவத்திலும் அந்தச் சோதனை வேண்டும். 2023இல் வெளியான ஆய்வில், 53 நோயாளிகளின் பழைய பதிவுகளைக் கொண்டு இம்மாதிரியைச் சோதித்தார்கள். முடிவு தெரிந்தபின் போடும் கணக்கு அது. முடிவு தெரியாதபோதே மாதிரியின் ஆலோசனையைக் கேட்டு அறுவை செய்தால் உண்மையிலேயே கூடுதல் பயன் உண்டா என்று அறிய, 356 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு பிரான்சில் 2019இல் ஒரு பெரிய சோதனை தொடங்கப்பட்டது.

வேறொரு சிக்கலும் உண்டு. பாதை ஓரிடத்தில் தாழ்ந்தால் ஜல்லி குறைந்ததாலும் இருக்கலாம், ஸ்லீப்பர் கெட்டதாலும் இருக்கலாம், அடியில் மண் இளகியதாலும் இருக்கலாம். தாழ்வு ஒன்று, காரணம் பல. மாதிரியிலும் வெவ்வேறு எண்கள் ஒரே மாதிரியான வலிப்பைத் தரக்கூடும். எது உண்மை என்று பிரித்தறிய நல்ல படமும் நல்ல மின்பதிவும் வேண்டும். தவறான கோணத்தில் எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் சரியான பதில் தரவில்லை என்று குறைசொல்லிப் பயனில்லை. மாதிரி எவ்வளவு உயர்ந்ததானாலும், அதற்கு ஊட்டிய படத்தைவிட உயர்ந்ததாக ஆகாது. நான் கற்றதன் சாரம் இதுவே.

நண்பருக்குச் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பையனின் தாயாரும் உட்கார்ந்து கேட்டார்.

முதலாவது, தகுந்த இரண்டு மருந்துகளைத் தக்க அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது மாத்திரைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக்கூடாது. வலிப்பு நோய்க்கென்றே உள்ள மையத்துக்குப் போய்விட வேண்டும். டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், மருந்துக்கு அடங்காத 116 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டு முடிவில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 விழுக்காட்டினர் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 7 விழுக்காட்டினரே. மறைக்காமல் மற்றதையும் சொல்லவேண்டும்: அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கை கால் பலவீனம் போன்ற கடுமையான விளைவுகளும் ஏற்பட்டன. எந்த இடத்தை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆகவேதான் இடத்தைச் சரியாகக் காண்பதில் இத்தனை பாடு.

இரண்டாவது, "குறையில்லை" என்னும் அறிக்கையைக் கண்டு மனம் உடைய வேண்டாம். அது எந்தக் கோணத்தில், எந்த முறையில் எடுத்த படம் என்று கேட்க வேண்டும். வலிப்பு நோய்க்குரிய முறை என்று தனியே இருக்கிறது; 2019இல் பன்னாட்டு வலிப்பு நோய்த் தடுப்புக் கழகத்தின் குழுவும் அதை வகுத்துத் தந்திருக்கிறது. பிலிமை மட்டும் வாங்கி வராமல் முழுப் பதிவையும் குறுந்தகட்டில் வாங்கிவைக்க வேண்டும். இன்று கண்ணுக்குத் தெரியாதது, அளக்கும் முறை வளர்ந்தபின் அதே பதிவில் தெரியலாம். பிலிமை வைத்துக் கம்ப்யூட்டர் அளக்க முடியாது.

மூன்றாவது, வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முடிந்தால் ஒருவர் செல்போனில் படம் பிடியுங்கள். வலிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்று அந்தப் படம் மருத்துவருக்குச் சொல்லும்.

அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆச்சுதா?"

அவர் கேட்க நினைத்த கேள்வி முதலிலிருந்தே அதுதான். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்தை ரத்து செய்யத்தக்க காரணமாகவே 1999 வரை எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டுத் திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டம் நீக்கியதை நம் வீடுகளில் இன்னும் நீக்கவில்லை. அக்காவும் முதலில் மறைத்துவிடலாம் என்றே சொன்னாள். மறைக்க மாட்டேன் என்று மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஸ்கேன் படத்தையே எடுத்துக் காட்டினாள். இரண்டு இடம் திரும்பிப் போயிற்று. மூன்றாவது இடத்துப் பையன் படத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டான். 2002இல் அவனுக்கே கொடுத்தோம். மாத்திரைகளை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இன்று அவள் மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

நண்பரின் மகன் உள்ளறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் கிளம்பும்போது வெளியே வந்து, "மாமா, அந்தக் கோணத்த ஒரு தாள்ல எழுதித் தாங்க" என்றான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.